மேல இருக்கிறவங்க

போன மாதம் இரண்டு இளம் தாதிகள் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் வேலை பார்த்த மனநோய் வார்டில்தான் இப்போது அவர்கள் இருக்கிறார்கள். மனநோய்களுக்குப் பெயர் கொடுத்து வகை பிரிக்கும் புத்தகத்தை மறுபடியும் திருத்தி அனுப்பியிருக்கிறார்களாம். பல வருடங்களாக ஒரு பெயரில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்களை இனி வேறு பெயரில் எழுத வேண்டும். யாரை எங்கே போடுவது என்று வார்டே குழம்பிக் கிடக்கிறது என்றார்கள்.

“உங்க காலத்துல இந்தத் தொல்லைலாம் இருந்திருக்காதுலா ஆன்ட்டி,” என்றாள் ஒருத்தி.

இருந்தது. அதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நானே குழம்பிப்போனேன். அவர்களும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்கள். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மலாய் நாட்டுக்கு வந்தவர். புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருந்தார். ஜப்பான்காரன் போன பிறகு நான் பள்ளியை முடித்துத் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மூன்று வருடம் படுக்கை விரித்தேன், ஊசி கொதிக்க வைத்தேன், மேட்ரனிடம் திட்டு வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. தேறியதும் பெண்கள் மனநோய் வார்டில் போட்டார்கள். வேறு யாரும் அங்கே போகச் சம்மதிக்கவில்லை. எனக்கோ தமிழ், இங்கிலீஷ், மலாய் மூன்றும் தெரியும். அம்மா இரண்டு நாள் அழுதார். “விசருகளோட என்னண்டு இருக்கப் போறாய்?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அது பெரிய மனநல மருத்துவமனை இல்லை. எங்கள் நகர மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த நீளமான கட்டடம், அவ்வளவுதான். உறவினர்களோ போலீஸோ கொண்டுவந்து விடுகிறவர்களைச் சில வாரம் வைத்துப் பார்ப்போம். தெளிந்தால் வீட்டுக்கு அனுப்புவோம். இல்லாவிட்டால் தெற்கே இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். அங்கே போனவர்கள் சீக்கிரம் திரும்பியதில்லை.

நோய்களுக்கு அப்போது நாங்கள் வைத்திருந்த பெயர்கள் கொஞ்சம்தான். அதிகம் பேசினால் மேனியா. பேசாமலே இருந்தால் மெலங்கோலியா. எந்தப் பெயரும் ஒத்துவராமல் நெடுநாள் இருந்துவிட்டால் டிமென்ஷியா. பழைய டாக்டர் வாசலிலேயே நின்று இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அவருக்குப் பிறகு வந்தவர் டாக்டர் பார்ட்லெட். லண்டனில் புதிய வகைப்பாட்டைப் படித்துவிட்டு வந்திருந்தார். வந்த வாரமே வார்டில் இருந்த எல்லாப் பெயர்களையும் திருத்தப்போவதாகச் சொன்னார். நோயாளிகளை ஒவ்வொருவராக வராந்தாவுக்கு அழைத்து வரச் செய்தார். மூன்று முக்காலிகள் போட வேண்டும். மூன்றும் ஒரே உயரம் இருக்க வேண்டும். பேச உட்காருமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். நோயாளி சொல்வதை நான் மொழிபெயர்க்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார், அவள் முகத்தைத்தான் பார்ப்பார். நான் ஒரு வார்த்தையைச் சுருக்கினாலும் எப்படியோ தெரிந்துவிடும். “அவள் பேசியது அதைவிட நீளம், நர்ஸ்,” என்பார்.

நோயின் பெயரை முதலில் பென்சிலால்தான் எழுதுவார். மூன்று முறை பேசிப் பார்த்த பிறகுதான் மையால் எழுதுவார். பெயரை வைத்து நாளைக்கு இவளுக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடிய வேண்டும், சொல்ல முடியாவிட்டால் அது பெயரே இல்லை என்பது அவர் கட்சி. மேனியாக்களும் டிமென்ஷியாக்களும் அழிந்தன. மனச்சிதைவு என்று இப்போது சொல்கிறோமே, ஸ்கிஸோஃப்ரினியா, அதன் கிளைகள் வந்தன. குரல் கேட்டுச் சந்தேகப்படுவது ஒரு கிளை. கட்டைபோல விறைத்துக் கிடப்பது இன்னொன்று. காரணம் இல்லாமல் சிரிப்பது வேறொன்று.

எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் லெட்சுமியை மேனியாவிலிருந்து மாற்றினோம். அவளுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. “என் பேர மாத்திட்டீங்களா மிஸ்ஸி? அப்ப ஐசியிலயும் மாத்தணுமா? மாத்தலன்னா மாத்தா-மாத்தா புடிச்சுக்குவான்லா,” என்று கவலையோடு கேட்டாள். மாத்தா-மாத்தா என்றால் போலீஸ். ஐசி என்றால் அடையாளக் கார்டு. அது இல்லாமல் தெருவில் நடக்க முடியாத அவசரகாலம் அது. நோயின் பெயரைத்தான் மாற்றினோம், உன் பெயரை இல்லை என்று அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. அன்று முழுதும் அவள் சிரிக்கவே இல்லை.

அஞ்சலை வந்தது அந்தச் சமயத்தில்தான்.

லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். என் வயதுதான் இருக்கும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று அரசாங்கம் தோட்டத்து லயங்களையெல்லாம் முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்திருந்தது. வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் குற்றம். அன்று காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டபோது அஞ்சலை இல்லை. தேடிப் போனபோது வேலிக்கு வெளியே, மேட்டிலிருந்த மர நிரையில், ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் இலைகளில் சோறு வைத்திருந்தது. அண்ணாந்து பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாளாம். புருஷன் மாரிமுத்து சில மாதங்களுக்கு முன்பே தோட்டத்தைவிட்டுக் காணாமல் போயிருந்தான். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது.

போலீஸ் லாரியில் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர் இன்ஸ்பெக்டர் துரைராஜ், தமிழர். அவருக்கு ஒரே கேள்விதான். இவளுக்கு உண்மையிலேயே மனநோயா? நோய் என்றால் மருத்துவமனை வைத்துக்கொள்ளலாம். இல்லை என்றால் தடுப்புக்காவல், அதற்குப் பிறகு கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பிறந்தது இங்கேதான்.

டாக்டர் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டரைப் பக்கத்து அறையில் இருக்கச் சொன்னார். அஞ்சலையின் தலைமுடியில் சருகு ஒட்டியிருந்தது. பார்வை ஓரிடத்தில் நிற்கவில்லை.

“அங்க என்னம்மா செஞ்சுக்கிட்டு இருந்த?” என்று கேட்டேன்.

“மேல இருக்கிறவங்க கூப்பிட்டாங்க.”

“கூப்பிட்டு என்ன சொன்னாங்க?”

“பசிக்குதுன்னாங்க. சோறு கொண்டான்னாங்க. விடாம சொல்லிக்கிட்டே இருந்தாங்க மிஸ்ஸி. மரம் வெட்டுறப்ப, குளிக்கிறப்ப, எப்பவும்.”

மேலே இருப்பவர்கள் என்று அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் தலையசைத்துப் பென்சிலை எடுத்தார். ஸ்கிஸோஃப்ரினியா, குரல் கேட்கும் கிளை. புருஷனைப் பற்றிக் கேட்கச் சொன்னார்.

“அவரு மேல போயிட்டாரு,” என்றாள் அஞ்சலை.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? எங்கள் வீட்டில் பேசும் தமிழ் வேறு, தோட்டத்துத் தமிழ் வேறு. மேல போயிட்டாரு என்றால் செத்துப்போனார் என்று அர்த்தமா, மலைமேல் போனார் என்றா? இரண்டாவது என்றால், மேல இருக்கிறவங்க யார்?

டாக்டரிடம் கொஞ்சம் நேரம் கேட்டுக்கொண்டு உள்ளே போய், வார்டில் உதவிக்கு இருந்த பாப்பாத்தி அக்காவிடம் விசாரித்தேன். அவர் தோட்டத்தில் வளர்ந்தவர்.

“காட்டு ஆளுங்கள அப்படித்தான்லா சொல்லுவாங்க. பேர் சொன்னா ஆபத்துல்ல,” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா சாமி வந்தாலும் மேல வந்துருச்சுன்னுதான் சொல்லுவோம். செத்தவங்களயும் மேல இருக்காங்கன்னுதான் சொல்லுவோம். அவங்களுக்கு இலை போட்டுச் சோறும் வைப்போம்,” என்றார்.

“இவ எதைச் சொல்றா அக்கா?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் வேற தோட்டம்.”

இதையெல்லாம் டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். குரல்கள், காட்டு ஆட்கள், செத்தவர்கள், சாமி. எது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் எழுதியதை ரப்பரால் அழித்துவிட்டு, இங்கிலீஷ் எழுத்தில் ‘மேல’ என்று மட்டும் எழுதினார். மொழிபெயர்க்காதே, அந்தச் சொல்லையே வைத்துக்கொள்வோம் என்றார்.

பக்கத்து அறையிலிருந்து வந்ததும் இன்ஸ்பெக்டர் என்னிடம், “அவ என்ன சொன்னா மிஸ்?” என்று தமிழில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் டாக்டர் குறுக்கிட்டார். நர்ஸ் எனக்குச் சொல்வார், நான் உங்களுக்குச் சொல்வேன் என்றார். இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“என் ஆளுங்க ரெண்டு பேரு அந்த மேட்டுலதான் செத்தாங்க மிஸ். அவ வச்ச சோத்தைத் தின்னது சுட்டவனா, காக்காயான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்.”

அதுவரை அவர் மேல் எனக்கு வெறுப்பு இருந்தது. அதற்குப் பிறகு அதுவும் தெளிவாக இல்லை.

அவளை வார்டில் வைத்துப் பார்க்க முடிவானது. டாக்டரின் யோசனை எளிமையானது. நோயாக இருந்தால் குரல் வார்டுக்கும் வரும். காட்டு ஆட்கள் என்றால் இங்கே வரமாட்டார்கள். ஆனால் அஞ்சலை நாங்கள் எதிர்பார்த்த இரண்டையும் செய்யவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். அடுத்து சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு அசைவும் நின்றது. கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே இருக்கும். இமைமேல் ஈ உட்கார்ந்தால்கூட அவள் கண் சிமிட்டவில்லை. படுக்கை நனையும், நானும் பாப்பாத்தி அக்காவும் மாற்றுவோம். மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுத்தோம். ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒரு சுருக்கமும் இல்லை. டாக்டர் பென்சிலால் இரண்டாவது கிளையை எழுதினார். விறைப்பு. புத்தகம் சொன்னபடி பார்த்தால் இவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள், வெகுநாள் அங்கே இருக்க வேண்டியவள்.

அதற்கான ஏற்பாடுகளைக்கூடத் தொடங்கிவிட்டோம். ஒரு காலை நான் படுக்கை விரிக்கப் போனபோது அஞ்சலை எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“மிஸ்ஸி, சீப்பு இருக்கா? தலை நாறுது,” என்றாள்.

எண்ணெய் கொடுத்தேன். தலை வாரிக்கொண்டாள். கஞ்சி வேண்டாம், சோறு வேண்டும் என்றாள். இது எந்த ஊர், நீங்க யாரு, எத்தனை நாள் ஆச்சு என்று நம்மைப்போலவே கேட்டாள். டாக்டர் வந்து பார்த்தார். புத்தகத்தை எடுத்துப் புரட்டினார், மூடி வைத்தார். சிதைவு என்று பெயரிட்ட நோய் இப்படி இரண்டு வாரத்தில் தலை வாரிக்கொண்டு எழுந்திருக்கக் கூடாது என்றார். மறுபடி ரப்பர்.

அவள் தெளிந்ததில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் நன்றாக இருந்தால் போலீஸ் வரும். வந்தது. இந்த முறை இன்ஸ்பெக்டர் பக்கத்து அறையில் உட்கார மறுத்தார். முக்காலிகள் நான்காயின.

டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“அஞ்சலை, மேல இருக்கிறவங்க பேசுறாங்கன்னு வந்தன்னிக்குச் சொன்னியே. அது யாரும்மா?”

அவள் என்னைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரின் பூட்ஸைப் பார்த்தாள். டாக்டரின் மடியிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“நீங்க என்ன எழுதியிருக்கீங்க மிஸ்ஸி?”

“எழுதினது இருக்கட்டும். நீ சொல்லு.”

“எழுதினதையே வச்சுக்குங்க,” என்றாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். “கேட்டீங்கல்ல மிஸ்? புத்தி பெரண்டவ பேசுற பேச்சா இது?”

நான் அவள் சொன்னதையும் அவர் சொன்னதையும் வரிசையாக மொழிபெயர்த்தேன். டாக்டர் இன்ஸ்பெக்டரை உட்காரச் சொன்னார். இது தெளிந்த புத்திக்காரியின் பேச்சுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் என்னிடம் கேட்பது மரத்தடியில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி, அவள் இப்போது இங்கே இல்லை என்றார். உங்கள் புத்தகத்தில் எந்த நோய் இது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எதுவும் இல்லை என்றார் டாக்டர். அப்படியானால் நோயில்லை என்று எழுதிவிடலாமே?

“நோயைப் பார்த்தேன். பெயரைத்தான் பார்க்கவில்லை,” என்றார் டாக்டர்.

அன்றுதான் மையை எடுத்தார். பிடிபட்ட நேரத்தில் மனநோய் இருந்தது, வகைப்படுத்த இயலவில்லை, இப்போது குணம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சில நாட்களில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. காவல் இல்லை. ஆனால் லூபோக் சீனா பக்கம் அவள் கால் வைக்கக் கூடாது. மாநிலத்தின் மறுகோடியில், சுங்கை ரம்பாயில், அவளுக்கு ஒரு அக்காள் இருந்தாள். அங்கே அனுப்பினோம்.

அவளுக்கு நிஜமாகவே நோய் இருந்தது என்று நம்புகிறீர்களா என்று பிறகு ஒருநாள் டாக்டரிடம் கேட்டேன். காலையில் நம்புகிறேன், மத்தியானம் நம்புவதில்லை என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்வரை அந்தப் புதிய வகைப்பாட்டை அவர் விடவில்லை. ஆனால் அஞ்சலைக்குப் பிறகு பென்சிலால் எழுதியதை மையாக்க மூன்று பேச்சு அவருக்குப் போதவில்லை, நாலு ஐந்து என்று போனது.

எனக்கும் இரண்டு பக்கமும் காரணம் இருந்தது. ஈ உட்கார்ந்த கண்ணைச் சிமிட்டாமல் எத்தனை பேரால் நடிக்க முடியும்? ஆனால் ‘எழுதினதையே வச்சுக்குங்க’ என்று சொன்னவளின் கண்ணில் இருந்த கணக்கையும் நான் பார்த்திருந்தேன். மனநோய் வந்தவள் காட்டு ஆட்களுக்குச் சோறு கொடுத்திருக்கவே முடியாதா என்ன? கொடுத்துவிட்டுப் பயந்தே புத்தி கலங்கியிருக்கலாம். புருஷன் செத்த செய்தி அவளுக்கு மட்டும் கிடைத்திருக்கலாம். ஒன்றை எடுத்தால் இன்னொன்று கூடவே வந்தது.

பிறகு எங்கள் பக்கம் அமைதியானது. ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். தோட்டங்களில் முள்கம்பியைச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள். ஜனங்கள் பயமில்லாமல் சோற்றுப் பொட்டலத்தோடு வேலைக்குப் போனார்கள். அந்தச் சந்தோஷ நாட்களில்தான் அஞ்சலையை அவள் அக்காள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“ஒரு வாரமா தூங்கல, தின்னல மிஸ்ஸி. முத்தத்துல உக்காந்து அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கா,” என்றாள் அக்காள்.

போலீஸ் இல்லை. வேலி இல்லை. நடிக்க ஒரு காரணமும் இல்லை. படுக்கையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடையாளம் தெரிந்ததுபோல என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“மேல இருக்கிறவங்க மறுபடி கூப்பிடுறாங்களா அஞ்சலை?”

“இல்ல மிஸ்ஸி. மேல யாருமே இல்ல. எல்லாரும் போயிட்டாங்க. அதான் பயமா இருக்கு.”

இதை நான் புது டாக்டரிடம் சொன்னேன். இளைஞர், நம் தமிழர், எனக்கு மொழிபெயர்க்கும் வேலையே வைக்காதவர். அந்தச் சொல்லுக்கு இருந்த எல்லா அர்த்தங்களையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “ரெண்டு தடவ வந்துட்டா அது அதுதான் சிஸ்டர்,” என்று சொல்லி, முதல் நாளே மையால் ஸ்கிஸோஃப்ரினியா என்று எழுதினார். அப்போதுதான் வந்திருந்த புதிய மாத்திரையைக் கொடுத்தார். ஒரு வாரத்துக்குள் அவள் எழுந்து சீப்புக் கேட்டாள். மருந்து கேட்டுவிட்டது என்று டாக்டருக்கு மகிழ்ச்சி. போன தடவை மருந்தே இல்லாமல் எழுந்தாளே என்று நான் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். சொன்னேன். அவரும் அதை மறுக்கவில்லை. இருக்கலாம் என்றார்.

சுங்கை ரம்பாய் பஸ் வரும்வரை நானும் நிறுத்தத்தில் நின்றேன். அக்காள் மாத்திரைப் பொட்டலத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டிருந்தாள். அஞ்சலை என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

“இது மறுபடி வருமா மிஸ்ஸி?”

அவளுக்கு அதுவரை நாங்கள் வைத்த பெயர்களில் சிலது வரும் என்று சொல்லும், சிலது வராது என்று சொல்லும். எதைச் சொல்வது?

“எனக்குத் தெரியலம்மா. வந்தா நேரா இங்க வந்துடு. யாராச்சும் புடிச்சுக்கிட்டு வர்ற வரைக்கும் இருக்காத.”

“வந்துடுறேன்,” என்றாள்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினாள். நான் ஓய்வு பெறும்வரை அதே வார்டில்தான் இருந்தேன். அஞ்சலை வரவில்லை. நோய் திரும்பவில்லையா, திரும்பியும் அவள் வராமல் இருந்துவிட்டாளா, எனக்குத் தெரியாது.